பணம் எங்கிருந்து வந்தது?

நலத்திட்டம் என்று பேச்செடுத்தாலே ‘பணத்துக்கு எங்கே போவது?’ என்று ஒருவர் கேட்டுவிடுவார். எனக்கு உடனே பிரிட்டன்தான் நினைவுக்கு வரும். 1930களில் அங்கேயும் இதே பாட்டு. வேலையில்லாதவருக்கு உதவித்தொகை தருவதற்கு முன், அதிகாரி வீட்டுக்கே வந்து யார் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று துருவுவார். மகன் கையில் சம்பளம் இருந்தால் அப்பாவின் தொகையில் வெட்டு விழும்.

1939 செப்டம்பரில் போர் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து, சில நாட்களிலேயே சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து ரயிலேற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் குழந்தைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் தொங்கும் அட்டைப்பெட்டிக்குள் விஷவாயு முகமூடி. இடம் கொடுத்த வசதியான வீடுகளில் ஒரே புலம்பல்: தலை நிறையப் பேன், கிழிந்த செருப்பு, ராத்திரியானால் படுக்கையை நனைக்கிறது. (அம்மாவைப் பிரிந்து வந்த ஆறு வயசுப் பிள்ளை வேறென்ன செய்யும்?) புலம்பியவர்களில் பலர் கொஞ்ச நாளில் ‘நம் நாட்டுப் பிள்ளைகளா இப்படி வளர்கிறார்கள்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை பேப்பரில் படித்த வறுமை இப்போது அவர்கள் வீட்டு மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம் பணம் வந்தது. 1940 ஜூலையிலிருந்து கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே) பால், இரண்டு பென்னி விலையில். அதுவும் முடியாதவர்களுக்கு இலவசம். காயம்பட்டவர்கள் குவிவார்கள் என்று, சிதறிக் கிடந்த ஆஸ்பத்திரிகளை அரசே ஒருங்கிணைத்து நடத்தியது. வருமான வரி 1941இல் பவுண்டுக்குப் பத்து ஷில்லிங், அதாவது சரிபாதி. கட்டினார்கள்.

1942 டிசம்பரில் வில்லியம் பெவரிட்ஜின் அறிக்கை வெளிவந்தது. வேலை போனாலும், நோய் வந்தாலும், வயசானாலும் கைகொடுக்கும் சமூகக் காப்பீடு பற்றிய வறட்டு அரசு ஆவணம். அதை வாங்க லண்டனில் மக்கள் வரிசையில் நின்றார்கள்! ‘போர் முடியட்டும், பார்க்கலாம்’ என்பதுதான் பிரதமர் சர்ச்சிலின் போக்கு. ஆனால் முதல் உலகப்போர் முடிந்ததும் வீரர்களுக்கு நல்ல வீடு என்று சொல்லி ஏமாற்றியதை யாரும் மறக்கவில்லை. 1945 தேர்தலில் சர்ச்சிலின் கட்சி தோற்றது; எதிரே நின்ற தொழிற்கட்சிக்கு 393 இடங்கள், ஆட்சியும் அதன் கையில்.

1948 ஜூலை 5 அன்று தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது. எல்லாருக்கும் வைத்தியம் இலவசம். அன்றைக்கு அந்த நாட்டில் ரொட்டிக்கே ரேஷன், அமெரிக்காவிடம் தலைக்கு மேல் கடன். காசு மிதந்த காலத்தில் செய்த காரியம் இல்லை இது.

சரி, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெவரிட்ஜ் பிறந்தது வங்காளத்தின் ரங்க்பூரில். அவருடைய அறிக்கையை லண்டன் நாடாளுமன்றம் விவாதித்த அதே 1943இல், அதே வங்காளத்தில் பஞ்சம். பசியிலும் நோயிலும் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். தானியம் வேண்டும் என்று இந்தியாவிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டார்கள். லண்டன் அனுப்பியது கேட்டதில் ஒரு பகுதிதான். அங்கே சொன்ன காரணம் பணம் இல்லை என்பதல்ல, கப்பல் இல்லை என்பது.