சிகரெட்டை விட்டாச்சு, சுருட்டுக்கு மாறியாச்சு

"தம்மை நிறுத்திட்டேன் தெரியுமா?" என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்துவிடுவேன். இப்போது ஒரு நிமிஷம் நின்று "அப்புறம்?" என்று கேட்கிறேன். என் வட்டத்தில் நாற்பதைத் தாண்டிய நாலைந்து பேர் சிகரெட் இருந்த இடத்தில் சுருட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். துபாயிலிருந்து வரும் மச்சான் டூட்டி ஃப்ரீயில் வாங்கிவரும் மரப்பெட்டி, அதற்கொரு கட்டர், அதற்கொரு தனி லைட்டர், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். பெட்டிக்கடையில் சில்லறைக்கு நின்ற காலம் போய், இப்போது அது ஒரு ரசனை.

அவர்கள் சொல்லும் நியாயம் எல்லோருக்கும் ஒன்றுதான். "உள்ளே இழுக்கிறதே இல்லை மச்சி. வாயில வச்சு ஊதுறதோட சரி. நாளைக்கு ஒண்ணு. சிகரெட்ல பேப்பரு, கெமிக்கலு. இது சுத்தமான இலை." இதில் பொய் என்று தள்ளக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முழுப்பொய்யாக இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

நானும் பல வருஷம் சிகரெட் பிடித்து விட்டவன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுருட்டிலேயே ஆரம்பித்து சுருட்டோடு நின்றவன் கதை வேறு, சிகரெட்டில் பழகிவிட்டுச் சுருட்டுக்கு வருகிறவன் கதை வேறு. முதல் ஆளுக்குக் கிடைத்த சலுகையை இரண்டாவது ஆள் தன் பெயரில் எழுதிக்கொள்கிறான்.

ஏன் என்று பார்க்க, புகை எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா இலையைச் சூடான காற்றில் சூளையில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். இலையில் சர்க்கரை தங்கிவிடும். அதன் புகை லேசான அமிலத்தன்மை உடையது. அந்தப் புகையிலிருந்து நிகோடின் வாய்த் தோல் வழியாக அதிகம் ஏறாது, நுரையீரலுக்குப் போனால்தான் ஏறும். அதனால்தான் சிகரெட் பிடிப்பவன் இழுத்தே ஆகவேண்டும். இழுத்தால் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடுகிறது. சுருட்டு இலை அப்படியல்ல. நிழலில் காற்றாட உலர்த்தி, கட்டுக் கட்டாக அடுக்கிப் புளிக்கவிடுகிறார்கள். சர்க்கரை போய்விடும். புகை காரத்தன்மைக்கு மாறிவிடும். அந்தப் புகை வாயில் இருந்தாலே போதும், கன்னத்து உள்தோல் வழியாக நிகோடின் ரத்தத்தில் கலக்கும். மெதுவாகக் கலக்கும், ஆனால் கலக்கும். "உள்ளே இழுக்கலை" என்று பெருமைப்படுகிறவருக்கு நிகோடின் போய்ச் சேராமல் இல்லை. வேறு வாசல், அவ்வளவுதான்.

அளவையும் பாருங்கள். ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. ஒரு பெரிய சுருட்டில் 5 கிராமிலிருந்து 17 கிராம் வரை போகும். சில சுருட்டுகளில் ஒரு முழு சிகரெட் பாக்கெட்டின் புகையிலை அடங்கிவிடும். "நாளைக்கு ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லும்போது எந்த ஒண்ணு என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

சரி, உள்ளேயாவது இழுக்காமல் இருக்கிறார்களா? நண்பர் ஒருவர் மொட்டை மாடியில் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சடங்கெல்லாம் அருமையாகச் செய்தார். தலைப்பகுதியை அளந்து நறுக்கி, நுனியை நெருப்பில் காட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்துச் சுழற்றிச் சுழற்றி வாட்டி, பிறகுதான் பற்றவைத்தார். முதல் நாலைந்து இழுப்பு வாயோடு சரி. ஆபீஸ் பேச்சு வந்தது, மேனேஜர் பேச்சு வந்தது, குரல் ஏறியது. அப்போதிலிருந்து மனுஷன் பேசிக்கொண்டே விடும் புகை மூக்கு வழியாக வருகிறது. நெஞ்சு வரை போகாத புகை அப்படிப் பேச்சோடு பேச்சாக, வாக்கியம் முடிந்து மூன்று நொடி கழித்து மூக்கில் வராது. சொன்னேன். "சேச்சே, இல்லையே" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் பழகின நெஞ்சு, கேட்டுக்கொண்டா செய்யும்?

இது என் நண்பர் ஒருவரோடு முடிகிற விஷயமில்லை. 1997-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. லண்டனில் இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து, சிகரெட்டிலிருந்து பைப்புக்கோ சுருட்டுக்கோ மாறியவர்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கெடுத்தார்கள். மாறியவர்களும், சிகரெட்டையே தொடாத பைப், சுருட்டுக்காரர்களும் நாளொன்றுக்குப் பிடித்த புகையிலை ஒரே அளவு. ஆனால் மாறியவர்கள் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கூடுதல். அதாவது அதே சுருட்டை இவர்கள் ஆழமாக இழுக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோய், மாரடைப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு ஆகிய மூன்றாலும் சாகும் அபாயம் இவர்களுக்கு, பைப்போ சுருட்டோ மட்டுமே பிடித்தவர்களைவிடச் சுமார் ஐம்பது சதவீதம் அதிகம்.

நேர்மையாக அடுத்த வரியையும் சொல்ல வேண்டும். சிகரெட்டை விடாமல் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டால் மாறியவர்களின் அபாயம் ஏறக்குறைய பாதிதான். சுருட்டு நண்பர்கள் இந்த வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள், எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் மாறியவர்கள் பிடித்த புகையிலை நாளொன்றுக்கு 8 கிராம் சொச்சம், சிகரெட்காரர்கள் பிடித்தது 20 கிராம். குறைத்துப் பிடித்ததன் பலனில் பெரும்பங்கைச் சுருட்டின் கணக்கில் எழுதக் கூடாது. பாதி அபாயம் என்பது அடியோடு விட்டவனின் அபாயமும் அல்ல.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சாரு, கல்லு மாதிரி இருந்தாரு" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். எல்லோர் வீட்டிலும் அந்தத் தாத்தா ஒருவர் இருக்கிறார். அவரைக் கொஞ்சம் சரியாக ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஒரு சுருட்டை ஒரே மூச்சில் பிடித்து முடித்தாரா? நாலு இழுப்பு இழுத்து, திண்ணைத் தூணில் நசுக்கி அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகிக்கொள்வார். சாயங்காலம் அதே துண்டு. சிகரெட் என்ற பொருளையே அவர் கையில் தொட்டிருக்கமாட்டார், அதனால் நெஞ்சுக்கு இழுக்கும் பழக்கமே வந்திருக்காது. நாம் காலேஜ் ஹாஸ்டலில் ஃபில்டர் சிகரெட்டில் பள்ளிக்கூடம் படித்தவர்கள். அவர் கல்லு மாதிரி இருந்ததில் நமக்குப் பங்கு கேட்க முடியாது. அதோடு ஐம்பதில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு போன இன்னொரு தாத்தாவைப் பற்றிக் குடும்பத்தில் யாரும் கதை சொல்வதில்லை.

வாயோடு நின்றாலும் வாய் என்று ஒன்று இருக்கிறதே. தினமும் சுருட்டு பிடிப்பவருக்கு வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் சிகரெட்காரருக்குக் குறைந்ததல்ல. 1998-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் சுருட்டைப் பற்றி மட்டும் ஒரு முழு அறிக்கை வெளியிட்டுச் சொன்ன விஷயம் இது. ஆந்திரக் கடலோரத்தில், விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கம், பெண்கள் சுட்டா என்ற நாட்டுச் சுருட்டை நெருப்பு முனை வாய்க்குள் இருக்கும்படி திருப்பி வைத்துப் பிடிப்பார்கள். அங்கே புற்றுநோய் வருவது மேல் அண்ணத்தில். வேறெங்கும் அபூர்வமான இடம் அது. நெருப்பும் புகையும் எங்கே தங்குகிறதோ அங்கே நோய்.

'சுத்தமான இலை' வாதத்துக்கு வருவோம். திண்டுக்கல், வேடசந்தூர், உறையூர் பெயர்களைக் கேட்டு வளர்ந்த நாம் இலையைப் பற்றி யாருக்கும் பாடம் கேட்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லில் ஸ்பென்சர் கம்பெனி சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. திருச்சிச் சுருட்டு கப்பலேறி லண்டன் வரை போனது. சர்ச்சில் பிடித்தது எங்கள் ஊர்ச் சுருட்டுத்தான் என்று உறையூரில் இன்றைக்கும் மார்தட்டுவார்கள். வேடசந்தூரில் 1948-ல் சுருட்டுப் புகையிலைக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இலை இயற்கையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் புளிக்க வைக்கும்போதுதான் நைட்ரோசமின் என்ற புற்றுநோய்ப் பொருள்கள் பெருகுகின்றன. மேலே சுற்றும் இலை, சிகரெட் பேப்பர் போல காற்றை விடாது. உள்ளே சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. கெமிக்கலை யாரும் ஊற்ற வேண்டாம், இலையே பார்த்துக்கொள்கிறது.

சிகரெட்டிலிருந்து சுருட்டுக்கு மாறியவர்களில் உலகறிந்த ஆள் மனோதத்துவ மேதை சிக்மண்ட் ஃப்ராய்ட். 24 வயதில் சிகரெட்டில் ஆரம்பித்து, சீக்கிரமே சுருட்டுக்குப் போனார். நாளைக்கு இருபது என்ற கணக்கில் பிடித்தார். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதிலேயே நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகப் போக, நண்பரும் டாக்டருமான ஃப்ளீஸ் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார், திரும்பத் தொடங்கினார், நிறுத்தினார். 1923-ல் வாயின் மேல் அண்ணத்தில் புற்று. தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, வாய்க்கும் மூக்குக்கும் நடுவே ஒரு செயற்கைத் தட்டைப் பொருத்தினார்கள். பேசினால் வலி, சாப்பிட்டால் வலி. 1939-ல் இறக்கும் வரை முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். இத்தனைக்கும் நடுவில் சுருட்டு மட்டும் நிற்கவில்லை. மனித மனம் தன்னைத்தானே எப்படி ஏய்த்துக்கொள்கிறது என்பதை வாழ்நாளெல்லாம் எழுதியவர் அவர். நம் மொட்டை மாடி நண்பர் எந்த மூலை?

ஃபிடல் காஸ்ட்ரோவைப் பற்றி ஒரு வரி. சுருட்டுக்கே முகவரியான கியூபாவின் தலைவர் 1985-ல் சுருட்டை விட்டார், மக்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று. மாற்றிக்கொள்ளவில்லை, விட்டார்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது இதன் மரியாதை. கருப்பசாமிக்கும் மதுரை வீரனுக்கும் முனியாண்டிக்கும் சுருட்டைப் பற்றவைத்துப் படைக்கிறது நம் ஊர். அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான், இன்றைக்கு நட்சத்திர ஹோட்டல் லவுஞ்சில் தோல் சோபாவில் சாய்ந்து அதே பொருளை ஊதிக்கொண்டு படம் போடுகிறார்கள். வயலில் வேலை செய்த கிழவி சுருட்டு பிடித்தால் அசிங்கம், ஐ.டி. கம்பெனி வைஸ் பிரசிடென்ட் பிடித்தால் அந்தஸ்து. சிகரெட்டுக்கு இல்லாத கதைகள் சுருட்டுக்கு உண்டு. கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865-லிருந்து தொழிலாளர்களுக்குப் பேப்பரும் நாவலும் சத்தமாக வாசித்துக் காட்ட ஒரு ஆளை வைத்திருந்தார்களாம், கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! மாறுகிறவர்கள் வாங்குவதில் பாதி இந்தக் கதைதான். கதை கேட்டுக்கொண்டே இருக்கலாம், எனக்கும் பிடிக்கும். அதற்கு எதையும் கொளுத்த வேண்டியதில்லை.

கம்பெனிகளுக்கு இந்த மனசு நன்றாகத் தெரியும். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் சிகரெட்டைப் பற்றி அறிக்கை கொடுத்ததும் அந்த வருஷமே அங்கே சுருட்டு விற்பனை எகிறியது. 1971-ல் டி.வி.யில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்ததும், சிகரெட் சைஸில் குட்டிச் சுருட்டுகள் வந்து விளம்பரத்தில் உட்கார்ந்துகொண்டன. அந்த ஓட்டையை அடைக்க 1973-ல் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. 2009-ல் குட்டிச் சுருட்டுக்கு வரி ஏறியபோது சில கம்பெனிகள் எடையைக் கொஞ்சம் கூட்டி 'பெரிய சுருட்டு' கணக்கில் விற்றன. நம் ஊரில் தகர டப்பாவில் வரும் ஃபில்டர் வைத்த மெல்லிய சுருட்டைப் பிடித்துக்கொண்டு "நான் சிகரெட் பிடிக்கிறதில்லை" என்பவரிடம் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. 2000-லிருந்து அமெரிக்காவில் சுருட்டுப் பெட்டியில் மாற்றி மாற்றி அச்சாகும் எச்சரிக்கைகளில் ஒன்று, சுருட்டு சிகரெட்டுக்குப் பாதுகாப்பான மாற்று அல்ல என்பதே.

வருஷத்துக்கு ஒருமுறை கல்யாணத்திலோ கெட்-டுகெதரிலோ ஒன்று பிடிப்பவரைப் பற்றி நான் பேசவில்லை, அவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் நீங்கள் சிகரெட்டை விட்டவர் என்றால் அந்த ஒன்றும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்று. ஒரு மணி நேரம் எரியும் சுருட்டு முழுசாக இறக்கும் நிகோடின், தூங்கிக்கொண்டிருக்கும் பழக்கத்தைத் தட்டி எழுப்பப் போதும். எனக்குத் தெரிந்து சுருட்டு வழியாக மறுபடி சிகரெட்டுக்கே வந்து சேர்ந்தவர் உண்டு. காரணம் ரொம்பச் சாதாரணம்: சுருட்டுக்கு ஒரு மணி நேரம் வேண்டும், ஆபீஸ் இடைவேளை பத்து நிமிஷம்.

வீட்டில் இருப்பவர்கள் தரப்பையும் கேளுங்கள். "சிகரெட் நாத்தம் பால்கனியோட போச்சுண்ணா, இது திரைச்சீலையில மூணு நாள் நிக்குது" என்றார் நண்பரின் மனைவி. அந்தப் புகை தங்கள் மூச்சுக்குள் போவதற்கு வீட்டில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

விட நினைப்பவர்களுக்கு நிகோடின் சூயிங்கம், ஒட்டும் பேட்ச் மருந்துக்கடையில் இருக்கின்றன, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் போன் போடலாம். ஏற்கெனவே சுருட்டுக்கு மாறிவிட்டவர்கள் பல் டாக்டரிடம் போய் நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், அண்ணம் எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தாண்டி ஆறாத புண்ணோ, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். "புகைப்பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்கும்போது, "சிகரெட்டை விட்டுட்டேன் டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல் மாடியில் இருக்கும் மரப்பெட்டியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.