பெயரைச் சொன்னதும் போய்விடுகிற வீடு

சமூக ஊடகத்தில் சுற்றிய அந்த வாடகை வீட்டு விளம்பரத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 'இந்தியர்களுக்கு இல்லை' என்ற வரியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மலேசியாவில் வீடு தேடிய தமிழர் யாருக்கும் அது புதிதல்ல. என்னை எழுத வைத்தது அதன் கீழே நம்மவர் ஒருவர் எழுதியிருந்த பதில். "வீட்டுக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? நம் ஆட்கள் வாடகை கொடுக்காமல் ஓடினால் யார்தான் வீடு கொடுப்பார்கள்?" நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதியிருக்கிறார். அதை விரும்பியவர்களில் எனக்குத் தெரிந்த பெயர்கள் மட்டும் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன்.

வாடகை கொடுக்காமல் ஓடியவன் ஒருவன். அவனுக்குப் பெயர் இருக்கிறது, அடையாள அட்டை எண் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் இருக்கிறது. பாக்கியை அவனிடம் கேளுங்கள். என் மகள் அவனுக்கு ஜாமீன் நின்றவள் அல்ல.

மகளைப் பற்றிச் சொல்கிறேன். அவளுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் வேலை. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறாள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம் என்று போன மாதம் ஒரு முகவருக்குத் தொலைபேசியில் பேசினாள். வீடு இருக்கிறது, நாளைக்கே வந்து பார்க்கலாம் என்றார் அவர். நேரம் குறித்துக்கொள்ளப் பெயர் கேட்டார். சொன்னாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மன்னிக்கவும், அந்த வீடு நேற்றே போய்விட்டது" என்றார். பத்து நிமிடம் கழித்து அவளுடன் வேலை செய்யும் சீனப் பெண் அதே எண்ணுக்கு அழைத்தாள். வீடு இருந்தது. கார் நிறுத்தும் இடமும் உண்டு என்று கூடுதலாகச் சொன்னார்கள்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தண்ணீர் போத்தலில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள். தாள் முழுவதும் உரிந்து வந்துவிட்டது, அவள் நிறுத்தவில்லை. "அப்பா, அடுத்த முறை பெயரைச் சுருக்கிச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். அந்தப் பெயர் என் அம்மாவின் பெயர்.

"வீடு அவருடையது, யாருக்குக் கொடுப்பது என்பது அவர் உரிமை" என்று சொல்பவர்களுக்கு: சட்டம் இன்று உங்கள் பக்கம் இருக்கலாம். நம் அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு பேசும் சமத்துவம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதனால் அது நியாயம் ஆகிவிடுமா? இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று வீட்டுச் சன்னலில் எழுதி வைத்தார்கள். அங்கும் வீடு வீட்டுக்காரருடையதுதான். 1965இல் அவர்கள் கொண்டுவந்த இன உறவுச் சட்டம் வீட்டுக்காரர் இனம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கவில்லை. மூன்றே ஆண்டுகளில், 1968இல், இன்னொரு சட்டம் போட்டு அதையும் சேர்த்தார்கள். அதனால் அங்கே யாருடைய வீடும் பறிபோய்விடவில்லை.

"மசாலா வாசனை சுவரில் ஒட்டிக்கொள்கிறதாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என் வீட்டுச் சமையலுக்கு நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க முடியாது.

இந்த நாட்டில் நம்மை மொத்தமாகக் கட்டி ஒரு சொல்லுக்குள் போடுவது நேற்று தொடங்கியதல்ல. மலாயில் இந்தியர்களைக் குறிக்கும், இன்று வசவாகிப்போன கெலிங் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். பினாங்கில் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அதே பெயரோடு கம்பீரமாக நிற்கிறது. அங்கே அது தமிழ் முஸ்லிம் வணிகச் சமூகத்தின் தலைவரைக் குறித்த பெயர். இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்தில், பின் வரிசையிலிருந்து அதே சொல் என் முதுகில் வந்து விழுந்தபோது அதில் கப்பித்தானும் இல்லை, பள்ளிவாசலும் இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அது என் பெயர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பட்டது.

என் தாத்தா கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வழியில் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். ஏறிய சைக்கிளிலேயே கடந்து போனால் வேலை போகும். 1941இல் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு, சீனத் தொழிலாளிக்கு இணையான கூலியோடு, இதையும் கோரிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள்: சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தாத்தா அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது கூலியை ஒரு முறைதான் சொல்வார். சைக்கிளைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "சம்பளம் குறைந்தால் பசிக்கும், அவ்வளவுதான்" என்பார்.

அவருடைய கொள்ளுப் பேத்திதான் இப்போது தொலைபேசியில் பெயரை விட்டு இறங்கட்டுமா என்று கேட்கிறாள்.

"நீங்கள் மட்டும் வங்காளதேசிகளுக்கு வீடு கொடுப்பீர்களா?" என்று கேட்டவரே, உங்கள் கேள்வி சரியான கேள்வி. என் தெருவிலேயே, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் முன்வரிசையில் நிற்பவர் ஒருவர், வங்காளதேசிகள் வேண்டாம் என்று முகவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதுவும் இதே தவறுதான், ஓர் இம்மியும் குறைவில்லை. ஆனால் அவர் தவறு செய்கிறார் என்பதால் என் மகளுக்கு வீடு மறுக்கப்பட்டது சரியாகிவிடாது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பொறுமை இல்லை.

வேறொன்றைச் சொல்லியாக வேண்டும், அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. 'இண்டர்லோக்' விவகாரம் நினைவிருக்கிறதா? தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த மலாய் நாவல். ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக வந்தது. மலாயாவுக்கு வந்த இந்தியர்களைப் பறையர் என்று அதில் எழுதியிருந்ததால் நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. 2011 முடிவதற்குள் அதை விலக்கிக்கொள்வதாக அரசு அறிவித்தது. நானும் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பல சாதிகளிலிருந்து, பல ஊர்களிலிருந்து வந்த ஒரு கூட்டத்துக்கே ஒற்றை முத்திரை குத்தியது தவறு, அந்தச் சொல்லை வகுப்பறையில் பிள்ளைகள் வசவாக எறிவார்கள் என்றுதான் போனேன். என் பக்கத்தில் நின்றவர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, "நாங்கள் அவர்கள் அல்ல" என்று முழங்கினார். கைதட்டினார்கள். என் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த நண்பன் அதே கூட்டத்தில் மூன்று வரிசை தள்ளி நின்றுகொண்டிருந்தான். "நாங்கள் அவர்கள்தான், அதில் என்ன அவமானம்?" என்று கேட்க அன்று அவனுக்கு ஒருவர்கூட இல்லை. நானும் கேட்கவில்லை. அவன் நடுவிலேயே கிளம்பிப் போய்விட்டான். இன்றுவரை நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

'நம் ஆட்கள்' என்று இப்போது எழுதுகிறீர்களே, அந்த முழக்கத்தைத்தான் அதில் மறுபடி கேட்கிறேன். ஓடிப்போகிற, குடித்துவிட்டுச் சண்டை போடுகிற 'நம் ஆட்கள்' வேறு யாரோ. நீங்கள் அவர்கள் அல்ல. அதை வீட்டுக்காரர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை வேகமாக அவர் பக்கம் போய் நிற்கிறீர்கள். முகவர் உங்கள் பெயரைக் கேட்கும்போது உங்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பார் என்று நிஜமாகவே நம்புகிறீர்களா? என் மகள் ஒரு மாதம்கூட எதற்கும் பாக்கி வைத்ததில்லை. அவளைப் பிரித்துப் பார்த்தார்களா?

உங்களோடு எனக்குப் பகை இல்லை. அந்தப் பதினொரு பேரில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள். தம்பி என்று உரிமையோடு கேட்கிறேன், அந்த விருப்பக் குறியை எடுத்துவிடுங்கள்.

அவளும் அந்தச் சீனத் தோழியும் சேர்ந்து வேறொரு வீடு பார்த்துவிட்டார்கள். பேசியது முழுக்கத் தோழிதான். இரண்டு பெண்கள் குடிவருகிறார்கள் என்பது மட்டும் வீட்டுக்காரருக்குத் தெரியும். வரும் சனிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அடையாள அட்டையில் இருக்கிறபடி முழுப் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.