காட்டுப்பாதை யாருடைய தெரு?

மலையில் நடப்பதற்கு எதற்கு அனுமதி, எதற்குக் கட்டணம், எதற்கு வழிகாட்டி? விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நண்பர்கள் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள். மலை இயற்கை தந்தது, அதில் கால் வைக்கக் காசா என்ற கோபம் அதில் தெரிகிறது. கோடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றும் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மலையில் நாம் ஆசைப்பட்டு நடக்கிற பாதைகளில் பல, நமக்காக யாரும் போட்டவை அல்ல. 1845 இல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே போகச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதைதான். துரைமார்களும் அவர்கள் குடும்பத்தாரும் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். டோலியைத் தோளில் சுமந்தவர்களும், தலையில் பெட்டிகளைத் தூக்கியவர்களும் நம் ஊர் ஏழைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சாலை வந்ததும் கோடைக்கானல் அந்தப் பாதையை மறந்துவிட்டது. வெள்ளகவி மறக்கவில்லை. அந்த ஊருக்கு வேறு வழி இருக்கவில்லை.

கோடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கினால் வருகிற ஊர் வெள்ளகவி. கோடைக்கானல் நகரத்தைவிடப் பழைய ஊர். வழியெல்லாம் வேர்கள்தாம் படிகள். தலைமுறை தலைமுறையாக மிதிபட்டு அந்த வேர்களின் மேற்புறம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. மழை நாளில் அதில் கால் வைத்தால் வழுக்கும், வேருக்கும் வேருக்கும் இடையில் மண் தெரிகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். எதிரே குதிரைகள் மூட்டையோடு ஏறி வரும். ஊரில் விளைகிற காப்பியும் எலுமிச்சையும் மேலே போவதும், அரிசியும் பருப்பும் சிமெண்டும் கீழே வருவதும் குதிரை முதுகிலும் மனிதத் தோளிலும்தான். ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. ஊரே கோயில் என்பது அவர்கள் நம்பிக்கை. நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

இந்த ஊருக்குச் சாலை வேண்டும் என்று ஊரார் கேட்கிறார்கள். உடனே வெளியூரிலிருந்து ஒரு குரல் எழுகிறது: ஐயோ, அழகான நடைபாதை போய்விடுமே! எனக்கு இதைக் கேட்கும்போது மனம் கொதிக்கிறது. நாம் வருடத்துக்கு ஒரு முறை வந்து நடந்து மகிழ்வதற்காக, ஒரு பிரசவ வலிக்காரி காலமெல்லாம் டோலியில் ஏற வேண்டுமா? சாலையை எந்த வழியாகப் போடலாம், சோலைக் காட்டுக்குச் சேதம் வராமல் எப்படிப் போடலாம் என்பதெல்லாம் பேச வேண்டிய விஷயம். வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான்.

பாதை அவர்களுடைய தெரு என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். பிறர் தெருவில் நாம் ஒலிபெருக்கி வைத்துப் பாடலைப் போட்டுக்கொண்டு போவோமா? சுமையோடு வருகிற குதிரையை நிறுத்திப் படம் எடுப்போமா? தண்ணீர் பாட்டிலை அடுத்தவர் வாசலில் வீசுவோமா? இவை எல்லாவற்றையும் நான் அந்தப் பாதையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுமையோடு ஏறுகிற குதிரை நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி அடி எடுத்து வைப்பது அதற்கு எவ்வளவு சிரமம் என்று குதிரைக்காரரைக் கேளுங்கள்.

வழிகாட்டிக்கு வருகிறேன். செல்பேசியில் வரைபடம் இருக்கிறது, ஆள் எதற்கு என்கிறார்கள். ஒரு முறை சோலைக்குள் என் முன்னால் போய்க்கொண்டிருந்த பெரியவர் சட்டென்று நின்று கையை நீட்டி என்னை மறித்தார். குனிந்து ஒரு குளம்புத் தடத்தைக் காட்டினார். அதில் தேங்கியிருந்த தண்ணீர் இன்னும் தெளியாமல் கலங்கலாக இருந்தது. "தம்பி, இப்போதுதான் போயிருக்கிறது. ஒற்றை மாடு. கொஞ்ச நேரம் இங்கேயே நில்லுங்கள்" என்றார். நின்றோம். சற்று நேரத்தில் வளைவுக்கு அப்பால் புதர் முறியும் சத்தம் கேட்டது. கரிய முதுகும் வெள்ளைக் காலுமாக ஒரு காட்டு மாடு பாதையைக் கடந்து சரிவில் இறங்கியது. கூட்டத்தைவிட்டுத் தனியே திரிகிற ஆண் மாட்டிடம் எதிர்பாராமல் போய் முட்டிக்கொள்வது எத்தனை ஆபத்து என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். எந்த வரைபடம் அதைச் சொல்லும்?

மாட்டையாவது கண்ணால் பார்க்கலாம். தீ அப்படி வராது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் நடந்ததை எங்கள் தேனி மாவட்டத்தில் யாராலும் மறக்க முடியாது. கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் இளம் வயதினர், பலர் பெண்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கித்தான் பாயும். கீழே எரிகிற சூட்டில் மேலே உள்ள புல் முன்னதாகவே காய்ந்து தயாராக இருக்கும். காற்றும் சேர்ந்துகொண்டால் ஏறி ஓடுகிற மனிதனைவிடத் தீயின் ஓட்டம் வேகம். ஏற்கெனவே எரிந்து கரிந்த இடம் எது, பாறை எங்கே, ஓடை எந்தப் பக்கம் என்பது அந்த நேரத்தில் உயிர் காக்கிற அறிவு. அது மண்ணில் பழகியவர்களிடம் இருக்கிறது. பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை வனத்துறை பாதைகளை மூடுவதைக் குறை சொல்கிறவர்கள் அந்த நாளை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதங்களில் திருட்டு வழியில் கூட்டம் கூட்டிச் செல்கிறவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

வழிகாட்டி பாதுகாப்புக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள். பைன் தோப்பில் நின்று "என்ன அழகான காடு!" என்று வியக்கிறவர்கள் ஏராளம். அது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. தைல மரமும் தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட வாட்டிலும் அப்படித்தான். இந்த மலையின் சொந்தக் காடு பள்ளத்தில் ஒதுங்கிய சோலையும் மேட்டில் விரிந்த புல்வெளியும். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுவது அவை. கும்பக்கரையில் நாம் குளிக்கிற பாம்பாற்றுத் தண்ணீர் இந்தச் சரிவுகளில் ஊறியதுதான். கடைசியில் வைகைக்குப் போகிறது. காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்திருப்பதையும், மேலே கருமந்தி தாவுவதையும், 2018 இல் பூத்த குறிஞ்சி 2030 இல் எந்தச் சரிவில் மறுபடி பூக்கும் என்பதையும் சொல்லிக் காட்ட ஒருவர் கூட வந்தால் நடையே வேறாகிவிடும்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. உள்ளூர் இளைஞர்களும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். நல்ல தொடக்கம், மனமார வரவேற்கிறேன். கட்டணம் அதிகம் என்கிறவர்களில் மாணவர்களின் குரலில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்குச் சலுகை கொடுக்கலாம். ஒரு இரவு விடுதிக்குப் பல ஆயிரம் கொடுத்துவிட்டு வழிகாட்டியிடம் பேரம் பேசுகிறவர்களிடம் எனக்கு எந்தப் பரிவும் இல்லை.

நான் கேட்பது வேறு. வழிகாட்டிக்கு மழைக்காலத்திலும் தீக்காலத்திலும் பாதை மூடியிருக்கும்போது என்ன வருமானம்? அந்த மாதங்களில் தீ பரவாமல் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், அரித்துப்போன பாதையைச் சரிசெய்யவும், வாட்டில் கன்றுகளைப் பிடுங்கவும் அவரையே கூலிக்கு அமர்த்தலாமே! காட்டு மாடு முட்டினால் அவருக்குக் காப்பீடு உண்டா? இந்த மலையின் பழங்குடியினரான பளியர் குடியிருப்புகளுக்கும் பாதையோர ஊர்களுக்கும் இந்தப் பணத்தில் பங்கு எவ்வளவு? இவை டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும்: நீங்கள் கட்டிய தொகையில் வழிகாட்டிக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு, பாதைப் பராமரிப்புக்கு இவ்வளவு என்று. அடுத்த முறை பதிவு செய்யும்போது இதைக் கேட்டு இரண்டு வரி எழுதிப் போடுங்கள், நானும் எழுதுகிறேன்.