குழிவீட்டுக்கு யார் நினைவுப் பலகை வைப்பார்கள்?

அமெரிக்காவில் எந்தக் கிராமப்புறக் கவுன்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) போனாலும் 'வரலாற்றுச் சிறப்புமிக்க வீடுகள்' என்று ஒரு பட்டியல் நீட்டுவார்கள். பெரும்பாலும் வங்கிக்காரர் வீடு, மாவு மில் முதலாளி வீடு, வக்கீல் வீடு. கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்ட வசதி இருந்தவர் வீடுதானே நூறு வருஷம் நிற்கும்! அதை மட்டும் வைத்துக் குடியேற்ற வரலாறு சொன்னால் பாதி ஊர் காணாமல் போய்விடும் என்பது என் கட்சி.

கான்சஸ் மாநிலம், கிரஹாம் கவுன்டியில் நிகோடிமஸ் என்று ஒரு ஊர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் கென்டக்கியிலிருந்து வந்து குடியேறிய இடம். செழிப்பான பூமி என்ற விளம்பரத்தை நம்பி வந்தவர்களுக்கு எதிரே இருந்தது மரமற்ற புல்வெளி. வீடு கட்ட மரத்துக்கு எங்கே போவது? மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். அதுதான் குழிவீடு.

1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஊர் எங்கே என்று கேட்டவருக்கு, தரையிலிருந்து கிளம்பிய புகையைக் காட்டி "அதுதான் நிகோடிமஸ்" என்றாராம் கணவர். வில்லியானா அழுதுவிட்டார். பார்த்த மாத்திரத்தில் திரும்பிப் போன குடும்பங்களும் உண்டு. தங்கியவர்கள் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தினார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவு பகிர்ந்ததால்தான் பிழைத்தோம் என்கிறது ஊர் வழக்கு. சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் சோறு போட்டிருக்கிறார்கள். இது எந்தத் தூணில் பொறிக்கப்பட்டிருக்கிறது?

பத்தே வருஷத்தில் கடைகள், ஹோட்டல், பத்திரிகை எல்லாம் வந்துவிட்டன. ஆனால் 1888இல் ரயில் பாதை ஆற்றுக்குத் தெற்கே போனது. வியாபாரிகள் அந்தப் பக்கம் முளைத்த போக் என்ற ஊருக்கு மாறிவிட்டார்கள்.

1996இல் நிகோடிமஸ் தேசிய வரலாற்றுத் தலமானது. பாதுகாக்கப்படுபவை ஐந்து கட்டடங்கள்: இரண்டு தேவாலயங்கள், பள்ளி, ஊர் மன்றம், ஃபிளெட்சர் குடும்பம் நடத்திய ஹோட்டல். அதில் ஒரு குழிவீடுகூட இல்லை. மண் மண்ணோடு போய்விட்டது, சரி. ஆனாலும் சந்ததியினர் வருஷாவருஷம் கோடையில் கூடி விடுதலை விழா கொண்டாடுவதால் கதை தங்கியிருக்கிறது.

மற்ற கவுன்டிகளில் அப்படி ஒன்றுகூடிக் கொண்டாட ஆளில்லாத இடங்கள் எத்தனையோ. வங்கிக்காரர் வீட்டுக் கூரைக்கு மானியம் கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே, குழிவீடு இருந்த வயல் ஓரத்திலும் ஒரு நினைவுப் பலகை நடச் சொல்கிறேன். கூரைச் செலவோடு பார்த்தால் அது கொஞ்சம்தான்.