எட்டு ஈடு இட்லி

இடம்: அரியாங்குப்பம், கடலூர் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு வீடு. ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து சவரி உள்ளே நுழைகிறார். முகத்தில் அப்படி ஒரு களை. இந்தக் களை வந்தால் வீட்டில் வேறு யாருக்கோ வேலை காத்திருக்கிறது என்று மனைவி லூர்துவுக்குத் தெரியும்.

சவரி: லூர்து, நீ முதல் பூசைக்கே போய்விட்டாய். சாமியார் பிரசங்கத்தில் உருக்கிவிட்டார். அன்னியரை உபசரிக்க மறக்காதீர்கள், அப்படி உபசரித்த சிலர் தங்களுக்கே தெரியாமல் வானதூதர்களை உபசரித்திருக்கிறார்கள் என்று எபிரேயர் திருமுகத்தில்...

லூர்து: எத்தனை பேர்?

சவரி: எது எத்தனை பேர்?

லூர்து: வானதூதர்கள். எத்தனை பேருக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தீர்கள்?

சவரி: 15 பேர்தான். சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். 29ஆம் தேதி கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டுமாம். நாளை ராத்திரி நம் வீட்டில் சாப்பாடு, படுக்கை.

லூர்து: சாமியார் 15 பேர் என்றா கேட்டார்?

சவரி: 5 பேரை யாராவது ஏற்க முடியுமா என்றுதான் கேட்டார். ஒருத்தரும் கை தூக்கவில்லை. எனக்குத் தானாகத் தூக்கிவிட்டது. ‘ஐந்தா?’ என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களா, வாயில் 15 என்று வந்துவிட்டது.

லூர்து: நடந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஆறு இட்லிக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள். 90 இட்லி. நம் குண்டானில் ஒரு ஈடுக்கு 12. எட்டு ஈடு. ஒன்றரை மணி நேரம் ஆவியில் நிற்கப்போவது யார்?

சவரி: ஆபிரகாமை நினைத்துப் பார். மம்ரேயில் கொளுத்தும் வெயிலில் மூன்று பேர் வந்து நிற்கிறார்கள். எதிர்கொண்டு ஓடினாரே!

லூர்து: அடுத்த வரியையும் சொல்லுங்கள்.

சவரி: கொஞ்சம் உணவு கொண்டுவருகிறேன், களைப்பாறுங்கள் என்றார்.

லூர்து: அதற்கும் அடுத்தது?

சவரி: (தொண்டையைச் செருமி) கூடாரத்துக்குள் ஓடி, மனைவி சாராவிடம் மூன்று மரக்கால் மாவைச் சீக்கிரம் பிசையச் சொன்னார்.

லூர்து: வந்தது மூன்று பேர். மாவு மூன்று மரக்கால். கல்யாண வீட்டுக் கணக்கு! கன்றுக்குட்டியைப் பிடித்து வேலைக்காரன் கையில் கொடுத்தார், சமைத்தது அவன். இவர் மரத்தடியில் பக்கத்தில் நின்று பரிமாறினார். ‘ஆபிரகாமின் விருந்தோம்பல்’ என்று பேர் வாங்கிக்கொண்டார். சாராவுக்கு அன்றைக்கு இடுப்பு வலித்ததா என்று யாராவது எழுதி வைத்தார்களா?

சவரி: பேதுரு என்ன சொல்கிறார்? முணுமுணுக்காமல் உபசரியுங்கள்.

லூர்து: அவர் சொல்லுவார். அவர் மாமியார் காய்ச்சலில் கிடந்தார். ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் காய்ச்சல் விட்டது. அந்த அம்மா எழுந்து செய்த முதல் வேலை, வந்தவர்களுக்குப் பணிவிடை. அந்த வீட்டு ஆம்பிளை முணுமுணுப்பைப் பற்றி எழுதாமல் வேறு யார் எழுதுவது?

(சவரி கைப்பேசியை எடுக்கிறார். வேதாகமத்தில் தோற்றால் புனிதர்கள் பக்கம் போவது அவர் வழக்கம்.)

சவரி: சரி, இதைக் கேள். ஆறாம் நூற்றாண்டிலேயே புனித பெனடிக்ட் தன் மடத்துக்கு ஒழுங்கு எழுதியிருக்கிறார். 53ஆம் அதிகாரம். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும்.

லூர்து: நிறுத்தாதீர்கள், கீழே படியுங்கள்.

சவரி: விருந்தாளிகளின் கையில் மடாதிபதியே தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையும் கழுவ வேண்டும். அப்புறம்... விருந்தாளிகளுக்குத் தனிச் சமையலறை. அதற்கு இரண்டு துறவிகளை ஒரு வருஷத்துக்கு நியமிக்க வேண்டும். முணுமுணுக்காமல் வேலை செய்வதற்காக...

லூர்து: செய்வதற்காக?

சவரி: (குரல் இறங்கி) அவர்களுக்கு வேண்டியபோது உதவிக்கு ஆள் கொடுக்க வேண்டும்.

லூர்து: புனிதர் புனிதர்தான்! முணுமுணுப்புக்கு மருந்து அறிவுரை இல்லை, கூட ஒரு ஆள் என்று 1500 வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார்.

சவரி: அது ஆண்கள் மடம். அங்கே வேறு வழியில்லை.

லூர்து: ஆண்டவருக்கு என்ன வழியில்லை? உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் அவரே கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்துவிட்டுத்தான் ‘வாருங்கள், சாப்பிடுங்கள்’ என்றார். மகதலா மரியாவை அனுப்பி மாவு பிசையச் சொல்லவில்லை.

(கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும். யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்துக்குச் சவரியிடம் பதில் இல்லை.)

சவரி: மீன் என்றால் நாளைக் காலையில் நானே...

லூர்து: காவி கட்டி நடக்கிறவர்கள் பாதிப் பேர் விரதம் இருப்பார்கள். கவிச்சி வேண்டாம். நீங்கள் சின்ன வெங்காயம் உரியுங்கள். சாம்பாருக்கு ஒரு கிலோ.

சவரி: ஒரு கிலோவா? கண் என்ன ஆவது?

லூர்து: பிரசங்கத்தில் உருகிய கண்தானே. அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. கூட்டத்தில் பெண்கள் உண்டா?

சவரி: ஏழு பேர் என்றார்கள்.

லூர்து: காலையிலிருந்து சாலையோரமாகவே நடந்து வருகிற பெண்ணுக்கு முதலில் இட்லியா வேண்டும்? உள்ளே தாழ்ப்பாள் விழுகிற கழிப்பறை வேண்டும். அது இல்லையென்று வழியெல்லாம் தண்ணீரே குடிக்காமல் நடப்பார்கள். நம் வீட்டுத் தாழ்ப்பாள் பொங்கலிலிருந்து ஒற்றை ஆணியில் தொங்குகிறது. உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

சவரி: நான் செபமாலை சொல்வேன்.

லூர்து: வருகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். இன்றைக்கே மாற்றுங்கள். பக்கெட் இரண்டு, காலுக்கு வெந்நீர், கல் உப்பு, தேங்காய் எண்ணெய். பாதித் தூரம் நடந்து வருகிற கால், கொப்புளமாக இருக்கும்.

சவரி: இறைவாக்கினர் எலிசாவுக்குச் சூனேம் ஊர் அம்மா மாடியில் அறை கட்டி, கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு எல்லாம் வைத்தாளே, அந்த மாதிரி சொல்லுகிறாய்.

லூர்து: அந்த அம்மா முதலில் புருஷனிடம் கேட்டாள். அப்புறம்தான் அறை. நீங்கள் அவளிடம் பாடம் கேளுங்கள். போன் சார்ஜ் போட ஒரு நீளமான ஒயர் பெட்டியும் வாங்கி வையுங்கள், 15 பேரும் வந்ததும் அதைத்தான் தேடுவார்கள்.

சவரி: சரி, எல்லாம் செய்கிறேன். ஆனால் இந்த எட்டு ஈடு? பெரிய கொப்பரை இருந்தால் இரண்டே ஈடில் முடியுமே.

லூர்து: பாகூரில் எங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறது. போன மாதம் நம் வீட்டில் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிய அன்பியக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடலாம் என்றேன். லூக்கா 14 என்றீர்கள். உறவினரையும் வசதியான அண்டை வீட்டாரையும் விருந்துக்குக் கூப்பிடாதே என்று ஆண்டவரே சொல்லிவிட்டாராம்.

சவரி: சொல்லியிருக்கிறாரே!

லூர்து: அடுத்த வரியில் யாரைக் கூப்பிடச் சொன்னார்? ஏழைகள், உடல் ஊனமுற்றோர், கால் ஊனமுற்றோர், பார்வையற்றோர். அண்ணனுக்கு முட்டி தேய்ந்து நொண்டுகிறார். ஒரு கண்ணில் புரை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்கு இலை உண்டு. போனைப் போடுங்கள்.

(சவரி வெளியே போய்ப் பேசுகிறார். ‘மச்சான்... சௌக்கியமா... அதெல்லாம் ஒன்றுமில்லை மச்சான்...’ என்று வாசலிலிருந்து கேட்கிறது. திரும்பி வருகிறார்.)

லூர்து: என்ன சொன்னார்?

சவரி: கொப்பரைக்குக் கூப்பிடுகிறாயா, என்னைக் கூப்பிடுகிறாயா என்று கேட்டார்.

லூர்து: நீங்கள்?

சவரி: இரண்டையும்தான் என்றேன். நாளை மதியமே வருகிறாராம். ராத்திரி தங்குகிறாராம். இட்லியில் தன் பங்குக்கு 12 எழுதிக்கொள்ளச் சொன்னார்.

லூர்து: 102. உளுந்தைக் கூட்டிப் போடுங்கள். வெங்காயத்தை முற்றத்தில் உட்கார்ந்து உரியுங்கள், தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்.