உங்களுக்குப் பயமா இருக்குற துப்பாக்கியை வாங்காதீங்க

காட்டெருமை, யானை மாதிரி பெரிய மிருகத்துக்குன்னே செஞ்ச ரைஃபிள் வாங்க ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எதுல பவர் ஜாஸ்தி?"ன்னுதான். நானும் அதையேதான் கேட்டேன், .458 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினேன் (இந்த நம்பர்தான் காலிபர், அதாவது புல்லட்டோட பருமன் இன்ச்சுல), ரெண்டு வருஷத்துல அதை வித்துட்டு .375-க்கு இறங்கிட்டேன். அதுல எனக்கு ஒரு வெக்கமும் இல்ல, ஏன்னு சொல்றேன்.

.458 1956-ல வந்த தோட்டா. 500 கிரெய்ன் புல்லட், அதாவது 32 கிராமுக்கு மேல, நொடிக்கு 2,000 அடிக்கு மேல வேகத்துல கிளம்புது. அது முன்னாடி போற அளவுக்கு துப்பாக்கி பின்னாடி வந்தே தீரும், வந்து நிக்கிற இடம் உங்க தோள். மான் வேட்டைக்கு சாதாரணமா எடுத்துட்டுப் போற .30-06 உதைக்கிறதை ஒரு பங்குன்னு வெச்சா .375 சுமாரா ரெண்டு பங்கு, .458 மூணு பங்கு. துப்பாக்கி கனமா இருந்தா உதை குறையும், அதான் இதெல்லாம் நாலு, நாலரை கிலோ வரும், ஆனா அதைத் தூக்கிட்டு நாள் முழுக்க நடக்கப்போறதும் நீங்கதானே.

முதல் நாள் பெஞ்சுல உக்காந்து பத்து ரவுண்டு சுட்டேன், அதுதான் நான் பண்ண பெரிய தப்பு. நின்னு சுட்டா உடம்பு பின்னாடி சாஞ்சு கொடுக்கும், உக்காந்துட்டா சாய இடமே இல்ல, மொத்தமும் தோள்ல இறங்குது. தோள்ல இருந்த நீலம் ஒரு வாரத்துல போயிடுச்சு, உள்ள பூந்த பயம் போகல. ட்ரிகரை அழுத்துறதுக்கு முன்னாடியே கண்ணு மூடுது, தோள் முன்னாடி தள்ளுது, பேரல் கீழ இறங்குது. ஃப்ளிஞ்ச்னு சொல்லுவாங்க. சுடும்போது நமக்குத் தெரியவே தெரியாது, சத்தமும் உதையும் அதை மறைச்சிடும். ஒரு நாள் நண்பர் ஒருத்தர் எனக்குத் தெரியாம நடுவுல ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார், அழுத்தினேன், 'டிக்'னு சத்தம் மட்டும் வந்துச்சு, பேரல் முனை ஒரு சாண் கீழ போய் நிக்குது. அன்னிக்குதான் எனக்கு உண்மை தெரிஞ்சுது.

முழுசா தவறிட்டா பரவாயில்லைங்க. வயித்துல பட்டா? அந்த மிருகம் புதருக்குள்ள போய் நாள் கணக்குல வலியோட கிடக்கும், காயம்பட்ட காட்டெருமைன்னா தேடிப் போற ஆளோட உயிருக்கும் உத்தரவாதம் இல்ல. இதை நினைச்சுப் பாக்காம பெருமைக்கு பெரிய காலிபர் வாங்குறதை என்னால ஏத்துக்கவே முடியல.

டபிள்யூ.டி.எம். பெல்னு ஒரு ஸ்காட்லாந்து வேட்டைக்காரர், 1,000 யானைக்கு மேல சுட்டவர். அந்த எண்ணிக்கையை நினைச்சா எனக்கு மனசு வலிக்குது. ஆனா அதுல நிறைய .275 ரிக்பிங்கற சின்ன தோட்டாவுல சுட்டது, யானை மண்டை ஓட்டை அறுத்துப் பாத்து மூளை எங்க இருக்குன்னு படிச்சு வெச்சிருந்தவர். அதுக்காக சின்னதை எடுத்துட்டுப் போங்கன்னு நான் சொல்லல, .375-க்குக் கீழ அனுமதியே தராத ஆப்பிரிக்க நாடுகள் உண்டு, அது நியாயமான சட்டம்தான். .375 ஹெச் அண்ட் ஹெச் 1912-ல வந்தது, 300 கிரெய்ன் புல்லட், நொடிக்கு சுமார் 2,500 அடி, நூறு வருஷம் தாண்டியும் இன்னும் எல்லாரும் நம்பி எடுத்துட்டுப் போறாங்க. அதையாவது கண்ணைத் திறந்து வெச்சு சுட முடியுதான்னு பாருங்க.

வாங்கியே தீருவேன்னா, முதல்ல அதே மாதிரி நின்னு, உதையே தெரியாத சின்ன .22-ல நூத்துக்கணக்குல சுடுங்க. காதுக்குள்ள பிளக், மேல மஃப், ரெண்டும் வேணும், போன கேட்கும் திறன் திரும்ப வராது. மஸில் பிரேக், அதாவது பேரல் முனையில மாட்டுற துளை வெச்ச குழாய், போட்டா உதை குறையுது, உண்மைதான், ஆனா சத்தம் பக்கத்துல நிக்கிறவர் காதுல போய் இறங்குது, அதனால எனக்கு அது பிடிக்கல. ஸ்கோப், அதாவது குறி பாக்குற தொலைநோக்கி, கண்ணுக்கு ரொம்பக் கிட்ட இருந்தா உதைக்கும்போது புருவம் கிழியும்.

நான் இப்பவும் ஒரு நாளைக்கு ஆறு தோட்டாவுக்கு மேல போறதில்ல, எல்லாம் நின்னுக்கிட்டேதான். அந்த ஆறுல ஒண்ணு டம்மி, எதுன்னு எனக்குத் தெரியாது, லோட் பண்ணிக் கொடுக்குறது அதே நண்பர்தான்.