காதைப் பிளக்கும் காற்றும் காதுக்குள் ஒரு பிளக்கும்

பைக் ஓட்டும்போது காதில் இயர் பிளக், அதாவது சத்தத்தைக் குறைக்கும் சின்ன அடைப்பான், வைத்துக்கொள்வேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அறிவுரை சொல்வார்கள். "பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா எப்படிய்யா கேக்கும்?" இதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. நானும் ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்டவன்தான் என்பதால் கோபம் வருவதில்லை. நெடும்பயணத்தில் கூட வந்த நண்பர் முதல்முறை ஒரு ஜோடியை நீட்டியபோது, மனிதர் என் காதில் பூ சுற்றுகிறார் என்றே நினைத்தேன்.

அப்போதெல்லாம் நாள் முழுக்க ஓட்டிவிட்டு இறங்கினால் காது அடைத்திருக்கும். எதிரே நிற்பவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவதுபோல இருக்கும். இரவு விளக்கை அணைத்துப் படுத்தால் காதுக்குள் 'கீ...' என்று ஒரு ரீங்காரம். காலையில் சரியாகிவிடும், நானும் மறந்துவிடுவேன். அலுப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பல வருடம் கழித்து வேறொரு காரணத்துக்காகக் காது பரிசோதனை செய்தபோது, வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கும் இடத்தில், கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. பரிசோதித்தவர் கேட்ட முதல் கேள்வி: "தொழிற்சாலையில் வேலையா?" சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான அந்தப் பகுதியில்தான் முதலில் தெரியுமாம். நான் எந்தத் தொழிற்சாலைக்கும் போனதில்லை. என் தொழிற்சாலை ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். சத்தம் என்றதும் என்ஜின், சைலன்சர் என்று யோசிக்கிறோம். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் தாண்டிய பிறகு காதை அடிப்பது பெரும்பாலும் காற்று. ஹெல்மெட்டின் கீழ் விளிம்பிலும் தாடைப் பக்கத்திலும் காற்று சுழன்று குமுறுகிறது. விலை உயர்ந்த ஹெல்மெட் போட்டால் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடியைத் தாங்குவதற்கானது, இந்தத் தாழ்ந்த குமுறலை அது பெரிதாகத் தடுப்பதில்லை. முன்னால் விண்ட்ஷீல்டு வைத்தால் குறையும் என்பதும் பாதி உண்மைதான். உயரம் சரியில்லை என்றால் கலைந்த காற்றை நேராகத் தலைமேல் கொண்டுவந்து கொட்டும்.

வண்டிக்கு வண்டி, ஹெல்மெட்டுக்கு ஹெல்மெட் மாறும் என்றாலும், 100 கிலோமீட்டர் வேகத்தில் காதருகே சத்தம் 95 முதல் 100 டெசிபல் வரை போவது சாதாரணம். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். நாம் ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு 'செம ரைடு' என்று படம் போடுகிறோம். உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. செத்தால் செத்ததுதான். கோழிக்குக்கூட அவை திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது.

சரி, ஹாரன்? இயர் பிளக் காதைச் செவிடாக்குவதில்லை. காற்று, ஹாரன், சைரன் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. இரைச்சலுக்கும் ஹாரனுக்கும் இடையே இருந்த இடைவெளி பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஆனால் காது திணறாத அளவில் இருக்கும். உச்சி வெயிலில் தூரத்தில் இருப்பதைப் பார்க்க நெற்றியில் கையை வைத்து மறைக்கிறோமே, அதே கதைதான். என் அனுபவத்தில், நெடுஞ்சாலை வேகத்தில் பிளக் இல்லாமல் கேட்டதைவிடப் பிளக்குடன் லாரி ஹாரன் தெளிவாகவே கேட்கிறது. ஹெல்மெட்டில் மாட்டிப் பேசும் இன்டர்காமும் அப்படித்தான். முன்பு ஒலியை உச்சத்தில் வைத்தும் "என்ன? என்ன?" என்று கத்திக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஊருக்குள் 30, 40-ல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது நான் வைப்பதில்லை. அங்கே காற்று இல்லை, எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். எல்லா நேரமும் வைக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வைக்கும் முறையில்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். நுரை பிளக்கைச் சுத்தமான விரல்களால் மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். உள்ளே நுழைத்து, அது விரியும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். நான் முதல் மாதம் முழுக்கத் துவாரத்து வாசலில் சொருகிவிட்டு, "இது ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று திட்டிக்கொண்டிருந்தேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஹெல்மெட் போடும்போதே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அட்டையில் 30-க்கு மேல் டெசிபல் குறையும் என்று போட்டிருப்பது ஆய்வகக் கணக்கு. சாலையில் 20 குறைந்தாலே எனக்குப் போதும், 100 என்பது 80 ஆகிவிடும். கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாகத் திருகி எடுங்கள். காதில் சீழ், செவிப்பறையில் ஓட்டை, வலி இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் திணிக்காதீர்கள். நுரை ரொம்ப அடைப்பதாகத் தோன்றினால் வடிகட்டி வைத்த சிலிகான் வகை இருக்கிறது, நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். பஞ்சு உதவாது. பாட்டு கேட்கும் இயர்பட்ஸும் இதற்கு மாற்று இல்லை.

பழகும் வரை சில அசட்டுத்தனங்கள் நடக்கும். என்ஜின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றிப் பழகியவன் நான், முதல் வாரம் மூன்றாவது கியரிலேயே வெகுதூரம் போயிருக்கிறேன். இண்டிகேட்டர் டிக் டிக் கேட்காததால் அணைக்க மறந்து, வலப்பக்கம் திரும்பப்போவதாக ஊருக்கெல்லாம் வாக்குக் கொடுத்துக்கொண்டே போனதும் உண்டு. இன்னொன்று விளையாட்டல்ல: இரைச்சல் குறைந்தால் வேகமும் குறைவாக இருப்பதுபோலத் தோன்றும். 80-ல் போவதாக நினைத்து முள்ளைப் பார்த்தால் 95. அடிக்கடி ஸ்பீடோமீட்டரைப் பார்க்கும் பழக்கத்தை நான் வலியப் பழகிக்கொண்டேன். வண்டி ஓட்டும்போது காதை அடைப்பது பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் பக்கத்தில் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் இரண்டு காதிலும் அடைப்பது பொதுவாகக் கூடாது, ஆனால் ஹாரனும் சைரனும் கேட்கும்படி செய்த பாதுகாப்பு பிளக்குக்கு விலக்கு இருக்கிறது.

இப்போதெல்லாம் இறங்கியதும் பேச்சு காதில் விழுகிறது, முதுகைத் தவிர வேறெதுவும் அலுப்பதில்லை. அந்த 'கீ...' மட்டும் இடது காதில் தங்கிவிட்டது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் கேட்கிறது.